செத்தும் விடாத சேவகம்

வாசகர் கேள்வி–பதில்

கதை எழுதுகிறவர்கள், மேசை விளையாட்டு ஆடுகிறவர்கள், குட்டி பொம்மைக்கு வண்ணம் பூசுகிறவர்கள், மேடை ஏறுகிறவர்கள் என்று இந்த முறை நாலா பக்கமிருந்தும் கேள்விகள். விஷயம் என்னவோ ஒன்றுதான். போரில் விழுந்த அரசனை மந்திரவாதி ஒருவன் எழுப்பி, அவனுடைய சொந்த ஜனங்கள் மேலேயே ஏவிவிடுகிறான். அந்த ராஜாவை எப்படி உருவாக்குவது?

கே: நான் எழுதும் மாயக்கதைத் தொடரில் இப்படி ஒரு ராஜா வருகிறான். நாலு அத்தியாயம் ஆகியும் படிப்பவர்கள் 'இதுவும் ஒரு ஜாம்பிதானே' என்கிறார்கள். எங்கே தப்பு?
– பெரம்பூர் வாசகர்

ப: அவனிடமிருந்து எதைப் பிடுங்கினீர்கள், எதை விட்டுவைத்தீர்கள் என்பதில்தான் தப்பு இருக்கும். நினைவு, விருப்பம், உடம்பு மூன்றும் பறிபோனால் அவன் வெறும் பிணம். மூன்றும் அவன் வசமே இருந்தால் துரோகி. நினைவும் விருப்பமும் முழுசாக இருந்து, கைகால் மட்டும் அடுத்தவன் பேச்சைக் கேட்கும்போதுதான் படிக்கிறவருக்கு வயிற்றைப் பிசையும்.

எழுத உட்காரும் முன் அரைப் பக்கத்தில் 'கட்டு' என்று தலைப்புப் போட்டு ஐந்து விஷயங்களை எழுதி வையுங்கள். யார் சொன்னால் கேட்பான்? வாய்ச்சொல் வேண்டுமா, நினைத்தாலே போதுமா? எவ்வளவு தூரம்வரை செல்லும்? எத்தனை நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்? சொல்லாத காரியத்தைத் தானாகச் செய்ய முடியுமா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் உங்கள் கதை. 'வாசலைத் திற' என்று சொன்னவன் எந்த வாசல் என்று சொல்லவில்லையே!

இந்தத் தாளைத் தொடரின் நடுவில் மாற்றக் கூடாது. மூன்றாம் அத்தியாயத்தில் ராஜா கண்ணீர் விடுகிறான், ஐந்தில் குழந்தைகளைக்கூட வெட்டுகிறான், ஒன்பதில் மகளைப் பார்த்ததும் பாசத்தால் கட்டு அறுந்துவிடுகிறது. பல கைப்பிரதிகள் கவிழ்வது இந்த இடத்தில்தான். மகளைப் பார்த்து அறுந்த கட்டு, ஐந்தாம் அத்தியாயத்துக் குழந்தைகளைப் பார்த்து ஏன் அறுபடவில்லை என்று வாசகர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

இன்னொன்று. ஆயிரம் எலும்புக்கூடுகளை எழுப்பத் தெரிந்தவனுக்கு ராஜா எதற்கு? கோட்டையின் உள்விவரம் ராஜாவுக்குத்தான் தெரியும். செஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள், சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். அங்கே ராஜகிரி என்ற கோட்டைக் குன்று சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து பள்ளமாகக் கிடக்கும், அதைப் பாலத்தில்தான் கடக்க வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் கீழே எத்தனை சேனை நின்றாலும் மேலே இருப்பவர்களுக்குக் கவலையில்லை. முகலாயப் படை 1690-இல் முற்றுகை தொடங்கி 1698-இல்தான் அதைப் பிடித்தது. சுனை எங்கே, களஞ்சியத்தில் எத்தனை மாதத்துக்கு நெல், பாலத்துக்குக் காவல் மாறுவது எப்போது என்று தெரிந்த ஒருவன் கீழே எதிரிப் பக்கம் நின்றிருந்தால் எட்டு வருஷம் ஆகியிருக்குமா? உங்கள் ராஜாவின் விலை அதுதான். மந்திரவாதி அவனை வாள் வீசவைப்பதைவிட வழி காட்டவைப்பதுதான் கொடுமை.

அதையும் கிட்டத்தில் காட்டுங்கள். 'ராஜா கோட்டைக்குள் ரகசிய வழியாக நுழைந்தான்' என்று எழுதினால் ஒன்றுமே நடக்காது. திட்டிவாசலில் (பெரிய கதவுக்குள் இருக்கும் சின்ன வாசல்) தாழ்ப்பாள் எப்போதும் இரண்டு விரற்கடை மேலே தூக்கினால்தான் நகரும். அதைச் சரிசெய்யச் சொல்லிப் போன வருஷம் ஆசாரிக்கு உத்தரவு போட்டது அவனேதான். கை தானாகத் தாழ்ப்பாளைத் தூக்கி நகர்த்துகிறது. உள்ளே இருக்கும் காவல்காரக் கிழவன், தட்டுத்தடுமாறாமல் திறந்த அந்த விதத்தைக் கேட்டே 'மகாராஜா?' என்கிறான். இவ்வளவு போதும்.

காயம் எங்கே என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் பழி என்று பாடிய மொழியில் எழுதுகிறோம். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் அந்த வெட்கத்தில் வடக்கிருந்து, அதாவது உண்ணாமல் நோன்பிருந்து, உயிர்விட்டதைப் புறநானூறு சொல்கிறது. உங்கள் ராஜாவின் மார்பிலிருந்த விழுப்புண்ணை மந்திரவாதி தைத்து மூடிவிடட்டும். எதிரிக்கு முதுகு காட்டாத ஆளை ஊருக்கு முகம் காட்ட முடியாதவனாக்குகிறான்.

கே: 'அன்டெட்' (செத்தும் நடமாடுபவன்) என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன? 'இறவாதவன்' சரியா?
– மயிலாப்பூர் வாசகி

ப: சரியில்லை. இறவாதவன் என்றால் சாகாவரம் பெற்றவன் என்றுதான் காதில் விழும். 'அமரன்' அதைவிட மோசம், பக்கத்தில் மாலை போட்ட படம் ஞாபகம் வரும். 'நடைப்பிணம்' கைவசம் இருக்கிறது, ஆனால் வேலை போனவன், காதலில் தோற்றவன் எல்லோருக்கும் அதைக் கொடுத்துத் தேய்த்துவிட்டோம். வேதாளம் பிணத்துக்குள் புகுந்து பேசும் வேறு ஆசாமி. இந்த ராஜாவின் உடம்புக்குள் இருப்பது அவனேதான். எங்கள் சிபாரிசு 'ஏவல்'. பில்லி, சூனியம், ஏவல் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல், அடுத்தவன் சொல்லுக்கு ஆடுவது என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. 'ஏவற்பிணம்' என்று எழுதிப் பாருங்கள், ஒரு வரியில் விளங்கிவிடும்.

கே: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டு) நடத்துகிறேன். ஐந்து பேர், எல்லோரும் 5ஆம் லெவல். ராஜாவுக்கு 'டெத் நைட்' என்ற பெரிய பிணவீரனின் கணக்கை எடுக்கலாமா? 'வைட்' என்ற சின்னப் பிணம் ரொம்பச் சப்பையாக இருக்கிறது.
– தாம்பரம் வாசகர்

ப: டெத் நைட் எடுத்தால் அன்றோடு ஆட்டம் முடிந்துவிடும். 2014-இன் ஐந்தாம் பதிப்பு விதிப்படி கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். அதன் நெருப்புக் கோளம் 10டி6 (ஆறுமுகப் பகடை பத்து) தீ, கூடவே 10டி6 நெக்ராட்டிக் (அழுகல் சேதம்), சராசரி 70. உடல்வலு 14 உள்ள 5ஆம் லெவல் விஸார்டுக்கு (மந்திரம் போடும் பாத்திரம்) 32 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). சேவிங் த்ரோ (அடியிலிருந்து தப்ப உருட்டும் பகடை) தவறினால் 32 போக மிச்சம் 38. அது அவருடைய முழு அளவைத் தாண்டுவதால் மயக்கம்கூடக் கிடையாது, நேரடிச் சாவு. 44 உள்ள ஃபைட்டர் மயங்கி விழுவார். த்ரோ 18-ஐத் தொட்டுப் பாதி அடி வாங்கினாலும் 35, விஸார்ட் அப்போதும் கீழேதான்.

வைட் (45 ஹிட் பாயின்ட்) ஐந்து பேர் முன்னால் இரண்டு சுற்றுக்கு மேல் நிற்காது. நடுவில் ரெவனன்ட் (பழிவாங்கத் திரும்பி வரும் பிணம்) இருக்கிறது: 136 ஹிட் பாயின்ட், சேலஞ்ச் (எதிரியின் வலிமை அளவு) 5, 1,800 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). கூட நாலு எலும்புக்கூடு தலா 50 என்றால் மொத்தம் 2,000. எதிரிகள் ஐந்து பேர் என்பதால் இரண்டால் பெருக்க 4,000. உங்கள் குழுவுக்கு 'கடினம்' 3,750-இல் தொடங்குகிறது, 'மரணம்' 5,500-இல். சரியான இடத்தில் உட்காருகிறது.

ரெவனன்டில் சிலதை மாற்ற வேண்டும். 24 மணி நேரத்தில் வேறு உடம்பில் திரும்பி வருவதை எடுத்துவிடுங்கள், இந்த ராஜாவுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தன் முறை வரும்போதெல்லாம் 10 ஹிட் பாயின்ட் ஊறுவதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் தீயோ ஒளியோ பட்டால்தான் அது நிற்கும். குழுவில் இரண்டுமே இல்லையென்றால் சண்டை ரப்பராக இழுக்கும், போன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். தீப்பந்தம் பட்ட இடம் மட்டும் ஆறவில்லை என்று முதல் நாளே ஒரு சிப்பாய் வாயால் சொல்லவையுங்கள். பழிவாங்கச் சபதம் செய்த ஆள்மேல் ஒவ்வொரு குத்துக்கும் கூடுதலாக 4டி6 விழும் என்று ஒரு விதி உண்டு. அந்த ஆள் மந்திரவாதியாக இருக்கட்டும். கட்டு அறுந்த சுற்றில் இரண்டு குத்து, சராசரி 50. மேசையே எழுந்து நிற்கும்.

மந்திரவாதிக்கும் விலை வையுங்கள். 'கிரியேட் அன்டெட்' மந்திரத்தில் வைட் தரத்துப் பிணத்தை எழுப்ப 8ஆம் நிலை ஸ்லாட் (அந்த நிலை மந்திரத்தை ஒருமுறை சொல்லும் வாய்ப்பு) வேண்டும். இரவில் மட்டுமே சொல்லலாம், கட்டு 24 மணி நேரம்தான் தாங்கும், அதற்குள் மறுபடி சொல்ல வேண்டும். 15ஆம் லெவல் விஸார்டுக்கு அந்த ஸ்லாட் நாளுக்கு ஒன்றே ஒன்று. ஆக ராஜாவைப் பிடித்துவைத்திருக்கும்வரை அவனுடைய மிகப் பெரிய மந்திரம் தினமும் அதிலேயே செலவாகிறது. (சாமான் பட்டியலில் பிணம் ஒன்றுக்கு ஒரு சட்டி புதைகுழி மண், ஒரு சட்டி உவர்நீர், 150 பொன் மதிப்புள்ள கறுப்பு ஓனிக்ஸ் கல் உண்டு. உவர்நீர் எப்படியிருக்கும் என்று கேட்கும் ஆட்டக்காரருக்குப் பழவேற்காடு ஏரியைச் சொல்லுங்கள்.) ஒரு இரவு தடுத்துவிட்டால் போதும் என்று ஆட்டக்காரர்களே கண்டுபிடிப்பார்கள்.

ராஜாவை நடத்த ஒரு வழி: ஆட்டத்துக்கு முன்பே மூன்று துண்டுச் சீட்டில் மூன்று கட்டளைகளை எழுதி மடித்து மேசை நடுவில் வைத்துவிடுங்கள். சண்டையில் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சத்தமாகப் படியுங்கள். 'பாலத்தில் நிற்பவர்கள் எல்லோரையும் கொல்' என்று இருந்தால், பாலத்தை விட்டு இறங்கியவரைத் தொட மாட்டான். எழுத்துக்கு எழுத்து அப்படியே நடத்துங்கள். யாராவது புத்திசாலித்தனமாக ஓட்டையைப் பிடித்தால் நடுவில் சீட்டைத் திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த முறை சீட்டை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

கே: 32 மில்லிமீட்டர் அளவில் பிணராஜா உருவம் ரெசினில் (ஒளி பட்டால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) பிரின்ட் எடுத்தேன். கழுவி, யுவி (புற ஊதா ஒளி) காட்டியும் பிசுபிசுப்பு போகவில்லை. இன்னொன்றுக்கு ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தால் சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிட்டது. வண்ணத்துக்கும் யோசனை சொல்லுங்கள்.
– அம்பத்தூர் வாசகர்

ப: பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் பழைய ஆல்கஹால். ஒரே டப்பாவில் இருபது உருவம் கழுவினால் ரெசின் கரைந்து கரைந்து, கடைசி உருவத்துக்கு ரெசினையே பூசி எடுத்தமாதிரி ஆகும். இரண்டு டப்பா வையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் முதல் குளியல் 3 நிமிடம், சுத்தமான இரண்டாவதில் 2 நிமிடம், நடுவில் பழைய டூத்பிரஷால் மடிப்புகளைத் தேய்த்துவிடுங்கள். பிறகு முழுக்கக் காய வேண்டும். ஈரத்தோடு யுவியில் வைத்தால்தான் அந்தப் பளபளப்பும் ஒட்டலும் வரும். மின்விசிறி முன் அரை மணி நேரம், அப்புறம் யுவி பெட்டியில் 2–3 நிமிடம், திருப்பி இன்னொரு 2. அதிகம் வைத்தால் வாள் நுனியும் கிரீடத்தின் முள்ளும் பிஸ்கட்போல் ஒடியும். உருவம் உள்ளே பொள்ளலாக இருந்தால் அடியில் 3 மில்லிமீட்டரில் இரண்டு துளை அவசியம். இல்லையென்றால் உள்ளே சிக்கிய ரெசின் சித்திரை வெயிலில் வீங்கி, மாசக்கணக்குக் கழித்து முதுகு பிளக்கும். கழுவும்வரை நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் அலர்ஜியாக நிற்கும்.

பிரைமர் சாம்பல் பூப்பது நம் ஊர்க் காற்றின் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது கரைப்பான் ஆவியாகிற குளிர்ச்சியில் ஈரம் படிந்து வெள்ளையாகிறது. மே மாதம் வேறு கோளாறு: தூரத்திலிருந்து அடித்தால் துளி வழியிலேயே காய்ந்து மணல்தாள்போல் ஒட்டும். 20–25 சென்டிமீட்டர் தூரத்தில், ஒரு வீச்சு ஒரு வினாடி, மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் அடியுங்கள். மழை நாளில் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். தூரிகையால் பூசும் பிரைமர் மெல்லிசாக இரண்டு கோட், இடையில் ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

வண்ணத்துக்கு வருவோம். பலர் கிரீடத்தில் பச்சைக் களிம்பு ஏற்றுகிறார்கள், பார்க்க அழகு, ஆனால் தங்கம் பச்சையாகாது. பச்சை செம்பிலிருந்து வருவது. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளில் மெல்லிய தங்க நெற்றிப்பட்டங்களும் இரும்பு ஆயுதங்களும் கிடைத்தன; அத்தனை காலம் மண்ணில் கிடந்தும் தங்கம் மஞ்சளாகவே இருந்தது, இரும்பு துருக்கட்டியாகிவிட்டது. உங்கள் ராஜாவிலும் நெற்றியில் ஒரு கீற்று மஞ்சள் மட்டும் நேற்றுச் செய்ததுபோல் பளிச்சென்று இருக்கட்டும், மற்றதெல்லாம் அழுகட்டும். பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

பச்சையை வெண்கலக் கேடய விளிம்புக்கும் தோள்பட்டைக் கொக்கிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் நேரில் பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். டர்க்காய்ஸ் அக்ரிலிக் 2 பங்கு, வெள்ளை 1 பங்கு, தண்ணீர் 8 பங்கு. பள்ளங்களில் மட்டும் விட்டு, மேட்டில் பட்டதை ஈர விரலால் துடைத்துவிடுங்கள். துருவுக்கு அடர் பழுப்பை ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி, அது காய்ந்தபின் விளிம்புகளில் மட்டும் ஆரஞ்சை ஒற்றுங்கள்.

தோலுக்குப் பச்சை வேண்டாம். கறுத்த தோலுள்ள அரசன் செத்தால் தோலிலிருந்து சிவப்புதான் போகும். அதே பழுப்பில் கால் பங்கு நீலச்சாம்பல் கலந்தால் போதும். மார்புக் காயத்துக்குச் சிவப்பு வைக்காதீர்கள், காய்ந்த ரத்தம் கறுப்பும் பழுப்பும்தான். தையல் இழையை மட்டும் வெளிறிய நிறத்தில் மூன்று கோடாகப் போடுங்கள். தைத்தது யார் என்று பார்ப்பவரே கேட்டுக்கொள்வார்.

கே: கடைசியில் ராஜாவை விடுவிக்க வாளால் வெட்டுவதைத் தவிர வேறு வழியே கிடையாதா?
– குரோம்பேட்டை வாசகர்

ப: முதல் பதிலில் சொன்ன தாளைத் திரும்ப எடுங்கள். கட்டு எந்தச் சொல்லில் மாட்டியிருக்கிறது? 'இந்நாட்டு அரசனே, எழு' என்று எழுப்பியிருந்தால், அந்தச் சொல்லை நாட்டு மக்களால் மாற்ற முடியும். முற்றுகைக்கு நடுவில், கஞ்சிக்கு வழியில்லாத ஊரில், பதினாலு வயசுப் பெண்ணுக்கு அவசர அவசரமாகப் பட்டம் கட்டுகிறார்கள். அந்த நொடியில் வாசலில் நிற்பவன் அரசன் இல்லை. இது எடுபட, பட்டம் கட்டும் சடங்கை வாசகர் இரண்டு இடத்திலாவது முன்பே பார்த்திருக்க வேண்டும்: ஒருமுறை வேடிக்கையாக, ஒருமுறை சண்டை சச்சரவாக. கடைசி அத்தியாயத்தில்தான் முதல்முறை சொல்கிறீர்கள் என்றால் வாளே மேல்.

கே: எங்கள் குழு இந்தக் கதையைத் தெருக்கூத்துப் பாணியில் மேடையேற்றுகிறது. இடைவேளை 15 நிமிஷம்தான். அதற்குள் ராஜாவைப் பிணமாக்க முடியுமா? வியர்வையில் முகம் ஒழுகுகிறது.
– வியாசர்பாடி வாசகர்

ப: முடியும், முதல் பாதி வேஷத்தைக் கலைக்காவிட்டால். கிரீடம், மார்புப் பதக்கம், புஜக்கட்டை எல்லாம் அப்படியே இருக்கட்டும். டிஷ்யூவால் முகத்தை ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். எண்ணெய் கலந்த சாம்பல் நிறத்தைக் கண்குழி, நெற்றிப்பொட்டு, கன்னக்குழி, மூக்கோரம் மட்டும் ஸ்பாஞ்சால் அழுத்தி வையுங்கள். உதட்டுச் சிவப்பை அதே சாம்பலால் அடைத்துவிடுங்கள். உடனே பவுடரை அழுத்திப் போட்டு ஒரு நிமிஷம் விட்டுத் தட்டுங்கள். தண்ணீரில் கரையும் வண்ணம்தான் வியர்வையில் கோடுகோடாக ஒழுகும். எண்ணெய் வண்ணமும் மேலே பவுடரும் இருந்தால் தாங்கும். எல்லோரும் மறப்பது காது, கழுத்துப் பின்புறம், புறங்கை. முகம் பிணமாகவும் கை புதுமாப்பிள்ளையாகவும் இருந்தால் முதல் வரிசை சிரித்துவிடும். சாக்பீஸ் பொடி போடாதீர்கள், கண் எரியும். பச்சை விளக்கும் வேண்டாம், சாம்பல் முகம் பட்டாணிச் சுண்டலாகிவிடும். ஒரு பக்கத்திலிருந்து குளிர்ந்த வெள்ளை விளக்கு போதும்.

கூத்தில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. திரைக்குப் பின்னால் நின்று பாடித் தன்னை அறிமுகம் செய்துகொள்வதுதான் ராஜா வேஷத்தின் வருகை. முதல் பாதியில் தடபுடலாக அதைச் செய்யுங்கள். இரண்டாம் பாதியில் அதே திரை, அதே மத்தளம். கட்டியங்காரன் (கூத்தை நடத்திச்செல்லும் விதூஷகன்) 'தாங்கள் யாரோ? எந்த நாட்டுக்கு அதிபதியோ?' என்று கேட்கிறான். பதில் இல்லை. மறுபடி கேட்கிறான். திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் ஒருமுறை அசைகிறது. கட்டியங்காரன் மூன்றாம் முறை கேட்காமல் தலைப்பாகையை அவிழ்க்கட்டும். பழைய வெல்ஷ் கதை ஒன்றில் மாயக் கொப்பரையில் போட்டு எழுப்பிய வீரர்களுக்குச் சண்டை வரும், பேச்சு வராது. உங்கள் ராஜாவுக்கும் அதுவே பொருந்தும். நடிகருக்கும் இரண்டாம் பாதியில் மனப்பாடச் சுமை மிச்சம்.

ஆட்டம் முடிந்ததும் தேங்காய் எண்ணெயை முகத்தில் தாராளமாகப் பூசி இரண்டு நிமிஷம் விட்டுப் பஞ்சால் துடையுங்கள், பிறகு கடலைமாவு. முதலில் சோப்பு போட்டால் சாம்பல் கண்ணோரத்தில் தங்கி இரண்டு நாளைக்குப் போகாது.